மரங்கொத்தி என்னும் பட்டப்பெயர்

குடும்பத்தோடு எங்கே புறப்பட்டாலும் பழனியாண்டி கடைசியாகத்தான் நடப்பார். கோயிலுக்கென்றாலும் சந்தைக்கென்றாலும் மற்றவர்களை முன்னே விட்டு, பத்தடி பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு வருவார். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக் கங்காணியாக முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆட்களை முன்னே அனுப்பிப் பின்னே நடந்த கால்கள் அவை. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவற்றுக்கு முன்னே போகும் பழக்கம் வரவில்லை.

“மாமா, கொஞ்சம் வெரசா வாங்க. பஸ்ஸு போயிரும்” என்பாள் மருமகள் துஷ்யந்தி.

“நீங்க போங்க, நான் வர்றேன்.”

“தாத்தா நம்மள வேலைக்கு வெரட்டிக்கிட்டு வர்றாரும்மா” என்று பேத்தி நிரோஷா கிண்டல் செய்வாள். அவளுக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் நாற்பது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் புறப்பட்டார்கள். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ரப்பர் மரங்களின் ஊடாக இரண்டு மைல். முந்திய இரவு பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த இரண்டு மைலும் அவருக்கு ஒரு வெற்றிலை போடும் தூரம். இப்போது வழியில் மூன்று இடங்களில் நிற்க வேண்டியிருந்தது. சீனி வியாதி உள்ளங்காலைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டிலும் ஓர் அலுப்பு, மருந்துக் கடையில் மாத்திரை விற்காத ஓர் அலுப்பு, சில ஆண்டுகளாக உடம்பெல்லாம் ஊறிக் கிடந்தது.

கேகாலையில் மருந்து வாங்கி, சந்தையில் கருவாடும் கத்தரிக்காயும் வாங்கி முடித்தபின், வழக்கம்போல் கபூர் நானாவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். நிரோஷா பணிஸ் ரொட்டி ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு முதியவரும் ஓர் இளம் பெண்ணும் தயங்கி நின்றார்கள்.

“ஆ, மரங்கொத்தியாரா! உள்ளுக்கு வாங்க, இடமிருக்கு” என்று கபூர் உரக்க அழைத்தார். அவர் மனத்தில் கள்ளமில்லை. மூக்கு நீளமாக இருப்பதால் வந்த பெயர் என்றே அவர் இருபது ஆண்டுகளாக நம்பி வந்தார்.

வந்தவர் மூக்கையா. பழனியாண்டியின் தோட்டத்துக்காரர், ஒத்த வயதினர், ஒரு காலத்தில் ஒரே தட்டில் உண்டவர். கூட வந்தவள் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி கலைச்செல்வி.

“சுகமா இருக்கீங்களா, கங்காணியாரே?” என்றார் மூக்கையா.

“இருக்கேன்.”

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களிடையே நடந்து வந்த பேச்சு முழுவதும் இவ்வளவுதான். ஆனால் அன்று நிரோஷா குறுக்கே விழுந்தாள்.

“தாத்தா, ஒங்களுக்கு ஏன் மரங்கொத்தின்னு பேரு?”

துஷ்யந்தி அவள் தொடையைக் கிள்ளினாள். மூக்கையா சிரித்தார். “மரத்துக்குள்ள பூச்சி இருக்கான்னு தட்டித் தட்டிப் பாத்தேன், கண்ணு. ஒண்ணும் கெடைக்கல. பேரு மட்டுந்தான் கெடைச்சிச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். கலைச்செல்வி சிரிக்கவில்லை. அவள் கையில் புதிதாக வாங்கிய பயணப் பை ஒன்று இருந்தது.

“எங்கேம்மா பயணம்?” என்று கேட்டாள் துஷ்யந்தி.

“கொழும்புக்கு. ஒரு வீட்டுல வேலைக்கு. செவ்வாக்கெழம போறேன்.”

“பால்வெட்டுதானே பழகிக்கிட்டிருந்த?”

“மூணு மாசம் பழகுனேன்க்கா. தறிக்கப்போற கெழட்டு மரத்துல எல்லாம் வெட்டிக் காட்டுனேன். திங்கக்கெழம பெரட்டுல மூணு பேருக்குக் கத்தி குடுக்குறாங்களாம். என் பேரு இல்ல.” அவள் பழனியாண்டியைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள். “மரங்கொத்தி வம்சத்துக்குக் கத்தி குடுக்க ஏலாதுன்னுட்டாரு, ஒங்க வீட்டுக்காரரு.”

துஷ்யந்தியின் முகம் சுருங்கியது. அவள் கணவன் யோகராஜ்தான் தகப்பனுக்குப் பின் அந்தத் தோட்டத்தின் பால்வெட்டுக் கங்காணி. பெரட்டு என்னும் காலைக் கூட்டத்தில் அவன் வாசிக்கும் பெயருக்குத்தான் தோட்ட நிர்வாகியான துரை ஒப்புதல் தருவார்.

“விடு புள்ள. டீ ஆறுது” என்றார் மூக்கையா.

பழனியாண்டியின் தேநீரும் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்தவருக்குச் சாலை தெரியவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டின் ஒரு விடியல் தெரிந்தது.

அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அவருக்கும் மூக்கையாவுக்கும் அடுத்தடுத்த மலைச் சரிவில் ஆளுக்கு முந்நூறு மரங்கள். மூக்கையா காய்ச்சலில் விழுந்தார். வேலைக்குப் போகாவிட்டால் வருகைப் பதிவில் அன்றைய பேர் விழாது. தொடர்ந்து விழாவிட்டால் மரங்கள் வேறொருவனுக்குப் போய்விடும். ஆகவே தோட்டத்து நண்பர்கள் தமக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் படுத்துவிட்டால் மற்றவன் இருட்டோடு எழுந்து இருவர் மரங்களையும் வெட்டுவான். படுத்தவனின் மனைவி பாலைச் சேர்த்து ரப்பர் ஸ்டோருக்குச் சுமந்து போய்க் கணவன் பெயரில் ஊற்றுவாள். கேட்டால், “அவரு மலையில நிக்கிறாருங்க” என்பாள். மூக்கையாவின் மனைவி சின்னம்மா மூன்று நாட்கள் அப்படிச் சுமந்தாள்.

மூன்றாம் நாள் கேகாலையில் கைப்பந்துப் போட்டி. பழனியாண்டி பறந்தார். அறுநூறு மரங்களை நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும், ஒரு காசின் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் உள்ளே இறங்கினாலும் கட்டைக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. தம் மரங்களில் கை நிதானமாகத்தான் ஓடிற்று. நண்பனின் மரங்களில் ஓட்டம் பிடித்தது.

அடுத்த வாரம் வெள்ளைத்துரை பார்வைக்கு வந்தார். காயம்பட்ட மரமொவ்வொன்றிலும் சிவப்புச் சாயம் தடவச் சொன்னார். மரம் யாருடையதோ குற்றம் அவனுடையது. அதுதான் தோட்டத்துச் சட்டம். மறுநாள் பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் மூக்கையா தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தம் கத்தியைத் துரையின் காலடியில் வைத்தார். “இவன் மனுசனா, மரங்கொத்தியா?” என்று அன்றைய கணக்கப்பிள்ளை கேட்டார். கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் பழனியாண்டி நின்றார்.

உண்மையைச் சொன்னால் பொய்ப் பேர் போட்டதற்காக இருவரையும் லயத்தை விட்டே விரட்டுவார்கள் என்பது மெய். மூக்கையா வாய் திறக்காததற்குக் காரணமும் அதுதான். அதன்பின் மூக்கையா புல்வெட்டுக்குப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பழனியாண்டி கங்காணியானார்.

காட்டிலே ஒரு யானை இராவோடு இராவாகக் கிளைகளை முறித்துப் போட்டதாம். விடிந்ததும் எல்லா விலங்குகளும் வந்து பார்த்தன. முறிந்த மரத்தில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. “நீதானே?” என்று அதைத் துரத்தின. பக்கத்தில் நின்ற யானையைப் பார்த்து, “நீயே இனி இக்காட்டுக்குக் காவல்” என்றன. கதைகளில் அந்த யானைக்கு உறக்கம் வராது. பழனியாண்டிக்கு வந்தது, ஆண்டுக்கணக்கில் நன்றாகவே வந்தது. வெள்ளைத்துரை போனார். தோட்டம் அரசாங்கத்துக்கு மாறியது, பிறகு கம்பெனிக்கு மாறியது. அந்தப் பொய்ப் பேருக்காக யாரையும் விரட்ட ஆளில்லாத காலம் வந்தது. சாக்கு செத்துப்போன பின்னும் அவர் அதைச் சுமந்துகொண்டே திரிந்தார். காயம்பட்ட மரங்கள் கிழடாகித் தறிக்கப்பட்டு, விறகாகி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட எரிந்து முடிந்தன. பெயர் மட்டும் எரியவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு மாலையிட்ட துரை, “மரத்தில் ஒரு காயமும் வைக்காத கை” என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டதைச் சபை அடக்கம் என்று மெச்சியது. இந்த அலுப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது.

அன்று மாலை யோகராஜ் முகம் கழுவிக்கொண்டு வந்ததும் அவர் கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு ஏன்டா கத்தி குடுக்கல?”

“எந்தப் புள்ள? மரங்கொத்தி பேத்தியா? நாளைக்கி ஒரு மரத்துல காயம் பட்டா, வம்சம் தெரிஞ்சும் குடுத்தியான்னு என்னையத்தான் கேப்பாங்க.”

“அவ கையப் பாத்தியா?”

“பாத்தேன். நல்லாத்தான் வெட்டுறா. கை நல்லாருந்து என்னத்துக்கு? பேரு அப்பிடி.”

“அந்தப் பேரு என்னோடதுடா” என்றார் பழனியாண்டி.

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. துஷ்யந்தி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். யோகராஜ் துவாயைத் தோளிலிருந்து எடுத்தான், மறுபடி போட்டான்.

“அப்பா, இத வெளிய சொல்லாதீங்க. நான் அவளுக்குக் கத்தி குடுத்துர்றேன். பேரச் சேத்து வாசிச்சிர்றேன். அதோட முடிஞ்சிச்சு. நீங்க எந்திரிச்சு நின்னு சொன்னீங்கன்னா, நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் பெரட்டுல நிப்பேன்?”

அது இலகுவான வழி. பெண் கொழும்புக்குப் போக மாட்டாள். மகன் தலை குனிய மாட்டான். தாமும் கால் நீட்டிப் படுக்கலாம். ஞாயிறு முழுவதும் பழனியாண்டி அந்த வழியையே சுற்றிச் சுற்றி வந்தார். கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வந்தார். என்ன கும்பிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. கத்தியை மட்டும் கொடுத்தால் அது பிச்சை. அந்தப் பெண்ணின் கத்தி என்றைக்காவது ஒரு நாள் வழுக்காமல் இராது. வழுக்காத கை உலகில் இல்லை. அன்றைக்கு மற்றவர்களுக்கு அது வழுக்கல். அவளுக்கு மட்டும் அது வம்சம்.

திங்கள் விடியலில் பெரட்டுக்களத்தில் மூன்று பெயர்களையும் வாசித்து, நான்காவதாகக் கலைச்செல்வியின் பெயரையும் யோகராஜ் வாசித்தான். முந்திய இரவே துஷ்யந்தி சொல்லியனுப்பியிருந்ததால் அவளும் வந்திருந்தாள். எங்கோ ஒரு குரல் ‘டொக், டொக்’ என்று மரங்கொத்தியைப் போல் நாக்கைத் தட்டியது. சிரிப்பு எழுந்தது. கலைச்செல்வி கத்திக்கு நீட்டிய கையை நீட்டியபடியே நின்றாள். அவளை வழியனுப்ப வந்தவர்போல் மூக்கையா வேலியோரம் குந்தியிருந்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பழனியாண்டி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

“சிரிக்கிறவங்க என்னையப் பாத்துச் சிரிங்க. அறுபத்தொண்ணுல மூக்கையாவோட மரத்துல காயம் வச்சது நான். அவரு காய்ச்சல்ல கெடந்தாரு. நான் பந்தடிக்கப் போற அவசரத்துல வெட்டுனேன். கத்திய வச்சது அவரு, வாயப் பொத்திக்கிட்டு நின்னது நான். அந்தப் பேர அவருக்கோ அவரு புள்ளைங்களுக்கோ இனிமே சொல்ற வாயி, எனக்குச் சொல்லட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. வயதானவர்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோகராஜ் தலை நிமிராமல், கத்தியைக் கலைச்செல்வியின் கையில் வைத்தான். “அஞ்சாம் நம்பர் மல. வெள்ளனமே போயிரு” என்றான். அவனுக்குத் தகப்பன்மேல் கோபம் ஆற நாளாகும், அதுவும் நியாயந்தான்.

ஆட்கள் கலைந்தபின் பழனியாண்டி வேலியோரம் போனார். மூக்கையா எழவில்லை.

“நான் கேட்டனா ஒங்கள?”

“கேக்கல.”

“கேக்க மாட்டேன்னுதான் இருந்தேன். சின்னம்மாதான் கெடந்து அடிச்சிக்கிட்டா. தொரைகிட்ட போயி சொல்றேன்னு நின்னா. நான்தான் வாயப் பொத்துனேன். பழனி தானா வந்து சொல்லுவான், பொறு புள்ளன்னேன்.” மூக்கையா ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தார். “ஒவ்வொரு வருசமும் கேப்பா. ‘வந்தானா?’ம்பா. ஆஸ்பத்திரில மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்தப்பவும் கேட்டா. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? போயி அவகிட்ட சொல்லுங்க.”

சின்னம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்து இடுகாடு ஆற்றுக்கு மேலே, மேட்டில் இருந்தது. பழனியாண்டி ஏறத் தொடங்கினார். பாதியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் அமர்ந்தபோது, மூக்கையா தடியை ஊன்றிக்கொண்டு வருவது தெரிந்தது. இருவரும் சேர்ந்தே மீதியை ஏறினார்கள்.

மண்மேட்டின் மீது மழைக்குப் புல் முளைத்திருந்தது. அருகே நட்ட செம்பருத்தி ஆள் உயரம் நின்றது. பழனியாண்டி செருப்பைக் கழற்றினார். பெரட்டில் பேசிய அதே குரலில், ஒளிக்காமல், தொடங்கினார்.

“தங்கச்சி, நான் பழனி வந்திருக்கேன். ஒம் புருசன் மரத்துல காயம் வச்சது நான்தான். நீ மூணு நாளு பால் சொமந்த. நான் மூணாம் நாளு அவசரத்துல நாப்பது மரத்துல…”

“நாப்பதில்ல” என்றார் மூக்கையா பின்னாலிருந்து. “நாப்பத்திமூணு. அவளுக்கு நல்லாத் தெரியும். சரியாச் சொல்லுங்க.”

பழனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.