பிரசவ அறையில் ஒரு குலவை

முதல் பிரசவத்தில் நான் கத்தினேன். அதற்கு நர்ஸ் கொடுத்த பரிசு, தொடையில் ஐந்து விரலும் பதிய ஓர் அறை. "புருஷன் பக்கத்துல படுக்கறப்ப இனிச்சுதுல்ல? இப்ப என்னடி ஊளை?" என்றாள். அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். அழுத தாய்க்கு அடி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால் இரண்டாவதற்கு வலி எடுத்ததும், வாயில் கவ்விக்கொள்ள ஒரு துண்டை மடித்து எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமியார் அம்சம் குறுவை நடவைப் பாதியில் விட்டு, சேற்றுக் காலோடு கூட வந்தார். அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனால் அதே நர்ஸ். என் அதிர்ஷ்டம் அப்படி.

"கத்துறவங்க கத்திக்கிட்டே கெடங்க. நான் கிட்டவே வரமாட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மேசையில் கூத்தாநல்லூர்ப் பெண் நூர்ஜஹான். தலைப்பிள்ளை. அப்போதுதான் பிறந்திருந்தது, துடைக்க எடுத்துப் போயிருந்தார்கள். அவள் கணவரும் வெளிநாடுதான். அவளும் வாயே திறக்காமல் பெற்றிருந்தாள். கீழுதட்டில் பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது.

"அக்கா, எனக்குக் குளிருது" என்றாள்.

ஆனி மாத மதியம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டேன். "சிஸ்டர், இந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கலை."

"பிள்ளை பெத்தா ரத்தம் வராம பன்னீரா வரும்? சும்மா கெட" என்று பக்கத்து அறையிலிருந்தே குரல் வந்தது.

இன்னும் உரக்கக் கத்தினேன். நூர்ஜஹான் கையை நீட்டி என் மேசையைத் தொட்டாள். முகம் வெளுத்துவிட்டது, கண் செருகியது. "கத்தாதீங்கக்கா, அடிப்பாங்க" என்றாள். சாகக் கிடந்தவளுக்கும் அந்த அடியின் பயம்தான் முன்னால் நின்றது.

இறங்கப் பார்த்தேன். வலி வந்து என்னைத் திரும்ப மேசையில் தள்ளியது. அது விடுவதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. அந்த இடத்தில் அலறலும் ஒன்று, மின்விசிறிச் சத்தமும் ஒன்று. யார் காதிலும் ஏறாது. வலி விட்டதும் மூச்சை இழுத்து, நாக்கைச் சுழற்றி, குலவை போட்டேன்.

நடவில் முதல் நாற்றை ஊன்றும்போது நாங்கள் போடுகிற குலவை அது. வாய்க்கால் தாண்டிக் கேட்கும். ஒருத்தி போட்டால் காதில் விழுந்தவள் பதில் போட்டே ஆகவேண்டும். வராந்தாவிலிருந்த என் மாமியார், பேரப்பிள்ளை பிறந்துவிட்டது, மருமகள் சந்தோஷத்தில் குலவை போடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டார். குவைத்துக்கு மிஸ்டு கால்கூடக் கொடுத்துவிட்டாராம். அவர் பதில் குலவை போட்டார். அவரோடு உட்கார்ந்திருந்த பெண்களும் போட்டார்கள். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

நர்ஸ் ஓங்கிய கையோடு ஓடிவந்தாள். "எவடி குலவை போட்டவ? இது என்ன கோயில் திருவிழாவா?" என்றவள், காலில் ஏதோ வழுக்கக் குனிந்து பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவளுக்குப் பின்னாலேயே, வெளியில் நோயாளி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா என்ன கூத்து என்று கேட்டுக்கொண்டு வந்தார். நூர்ஜஹானைப் பார்த்ததும் வேறு பேச்சு பேசவில்லை. ஊசி போட்டார், வயிற்றை அழுத்திப் பிடித்தார், ரத்தம் கொண்டுவர ஆள் அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். நான் வாயில் துண்டைக் கவ்விக்கொண்டுதான் பெற்றேன். பழைய அடியின் பயம். கால்மாட்டில் நின்ற நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொழுது சாயும்போது பக்கத்துக் கட்டிலில் நூர்ஜஹானைக் கொண்டுவந்து போட்டார்கள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கண் விழித்தவள் பிள்ளையைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, உங்கள அடிச்சாங்களா?"

"இல்லம்மா" என்றேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. வார்டே திரும்பிப் பார்க்க, வாய்விட்டுக் கத்தி அழுதேன்.