வியாழக்கிழமை வரவேண்டிய கேமரா

அவனை எல்லோரும் ஜோசியர் என்று கூப்பிடுவார்கள். ஜாதகம் பார்க்கிறவன் அல்ல, கேமரா பழுது பார்க்கிறவன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை சர்வீஸ் சென்டரின் இரண்டாவது மேசையில் உட்கார்ந்து சென்சாரில் ஒட்டிய தூசியைத் துடைப்பதும் தேய்ந்த ஷட்டரை மாற்றுவதும் அவன் வேலை. மீதி நேரத்தில், இன்னும் வெளிவராத கேமராக்களைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் எழுதிவந்தான். எந்த மாடல் எப்போது வரும், என்ன விலை இருக்கும் என்று அவன் சொன்னதில் பத்துக்கு ஏழு பலித்திருந்தது. நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். பலிக்காத மூன்றை அவர்கள் மறந்துவிடுவார்கள். அவனும்தான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வைஃபை உள்ள எந்தக் கருவியையும் விற்பனைக்கு முன்னால் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை யாரும் பார்க்கலாம். அதில் மாடலின் பெயர் இருக்காது. ஒரு குறியீட்டு எண், எந்த அலைவரிசை என்ற விவரம், லேபிள் எங்கே ஒட்டப்படும் என்று காட்டும் ஒரு கோட்டுப்படம், அவ்வளவுதான். மூன்று வாரம் முன்பு ஒரு பெரிய நிறுவனத்தின் புதிய எண் ஒன்று அதில் வந்தது. விலை உயர்ந்த கேமராக்களில் மட்டும் இருக்கும் அலைவரிசை. படத்தில், நடுவில் ஒரு வட்டத்துடன் ஒரு தட்டு. ஸ்டாண்டில் மாட்டுவதற்கான துளை, ஆகவே கேமராவின் அடிப்பாகம் என்று அவன் முடிவுகட்டினான். வியாழக்கிழமை ஒரு அறிவிப்பு உண்டு என்று அந்த நிறுவனமே சொல்லியிருந்தது. போட்டி நிறுவனம் போன மாதம்தான் விலையைக் குறைத்திருந்தது. இவர்களும் குறைக்காமல் என்ன செய்வார்கள்? 'வியாழக்கிழமை புதிய தொழில்முறை கேமரா. விலை இப்போதையதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறையும்' என்று எழுதினான்.

அதை அவனுடைய அக்காவும் நம்பினாள்.

அக்கா நீச்சல் போட்டிகளைப் படமெடுக்கிறவள். பன்னிரண்டு நாளில் ஒரு சர்வதேசப் போட்டி. ஆறு வருடம் விண்ணப்பித்து, முதல்முறையாகக் குளத்தின் விளிம்பில் உட்கார அவளுக்கு அனுமதி அட்டை கிடைத்திருந்தது. அவளிடம் இருந்த இரண்டு கேமராக்களின் ஷட்டரும் நான்கு லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடியவை. போட்டியின் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பது அவளுடைய பயம். புதிய மாடலை அறிவித்த அன்றே பழையதன் மதிப்பு சரிந்துவிடும். அதனால் அறிவிப்புக்கு முன்பே இரண்டையும் விற்றுவிட்டு, தம்பி மூலம் முதலில் வந்திறங்கும் சரக்கிலேயே புதியதை வாங்குவது என்று ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு காபிக் கடையில், ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் கைமாற வேண்டியது.

அன்று காலை பத்து மணிக்கு, பக்கத்து மேசையில் லென்ஸ் பழுது பார்க்கும் பெண் தூசி ஊதும் ரப்பர் பந்தைக் கடன் கேட்க வந்தாள். ஜோசியரின் கணினித் திரையில் அந்தப் படம் இருந்தது.

"இதுதான் உங்க வியாழக்கிழமைக் குழந்தையாங்க, ஜோசியரே?"

"ஆமாங்க. நல்லா பாருங்க. ஸ்டாண்ட் மாட்டுற ஓட்டை. பக்கத்துல லேபிள்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஓட்டையா? இது ஓட்டைன்னு யார் சொன்னா?"

"வேற என்னவாம்?"

"வெளிவட்டம் அழுத்தமா இருக்கு. உள்வட்டம் மெல்லிசு, அதுவும் முக்கால் வட்டம்தான். அப்படி வரைஞ்சா வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற திருகு. ஓட்டையா இருந்தா அப்படியே தலைகீழா வரைவாங்க. தினமும் சர்வீஸ் புத்தகத்துல பார்க்கிறதுதானே?"

தினமும் பார்ப்பதுதான். இந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் பார்த்தது வீட்டில், சோபாவில் படுத்துக்கொண்டு, அது கேமராவாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு.

திருகு நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா உலகத்தில் கிடையாது. கேமராவுக்கு அடியில் வைத்து முடுக்குகிற ஒரு துணைக்கருவி உண்டு. எடுத்த படத்தை அந்த நொடியே பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பும் கையடக்க டிரான்ஸ்மிட்டர். அதிலும் இதே அலைவரிசைதான்.

"கேமராவே இல்லைங்க, சோப்பு டப்பா!" என்று சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னாச்சு? ஏன் இப்படி வெளிறிப்போயிட்டீங்க?"

"பதினோரு மணிக்கு எங்கக்கா ரெண்டு கேமராவையும் விக்கிறா."

"யார் பேச்சைக் கேட்டு?"

அவன் அதற்குள் போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தியிருந்தான்.

"சரி, கிளம்புங்க. முதலாளி கேட்டா பல்வலின்னு சொல்லிக்கிறேன்."

ஆறு முறை கூப்பிட்டும் அக்கா போனை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள். வீரர்கள் குதிக்கும் மேடையில் ஏறி நின்ற பிறகு குளத்தருகே ஒரு போன் அதிர்ந்தால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் போன் வருடக்கணக்காக ஊமையாகவே கிடந்தது. 'விற்காதே' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பேருந்தில் ஏறினான்.

கேமரா கைமாறிவிட்டால் திரும்ப வழியில்லை. அதே மாடல் கடைகளில் தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வாடகைக்குக் கிடைப்பதையெல்லாம் இந்தப் போட்டிக்காகவே வெளியூர்க்காரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். அட்டை வந்த அன்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது: "ஆறு வருஷமா மேல கேலரியிலிருந்து முதுகையே எடுத்துட்டிருந்தேன்டா. மூச்சு வாங்கும்போது ஒரு முகம் வெளிய வரும் பாரு, அதை எடுக்கணும்." கழுத்தில் அட்டையோடும் கையில் ஒன்றுமில்லாமலும் அவள் குளக்கரையில் உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான்காவது நிறுத்தத்துக்கு முன் பேருந்து நெரிசலில் நின்றுவிட, இறங்கி ஓடினான்.

காபிக் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருபது. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். மேசையில் இரண்டு காலிக் கோப்பைகள்.

"வாடா, வா. நீ நல்லா இருப்பியா?" என்றாள் அவனைக் கண்டதுமே.

"வித்துட்டியா?"

"எங்க விக்கிறது? நீதான் விக்க விடலையே!"

"என் மெசேஜ் பார்த்தியா?"

"என்ன மெசேஜ்? அந்த ஆள் பத்தே முக்காலுக்கே வந்துட்டான். எல்லாத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ரெண்டும் பிடிச்சிருக்குன்னான். காபி குடிச்சான். அப்புறம் 'ஒரு நிமிஷம் மேடம்'னு போனை எடுத்து உன் பக்கத்தைக் காட்டுறான். வியாழக்கிழமை புதுசு வருதாம், விலையும் குறையுதாம், ரெண்டு நாள் பொறுத்தா இதே கேமரா பாதி விலைக்குக் கிடைக்குமாம். 'ஜோசியர் சொன்னா சொன்னதுதான் மேடம்'ங்கிறான். என் கூடப்பொறந்த தரித்திரம்தான் அதுன்னு நான் சொல்ல முடியுமா? அவன் காபிக்கும் நானே அழுதேன்."

ஜோசியர் பக்கத்து நாற்காலியில் இருந்த கறுப்புப் பையைத் தூக்கிப் பார்த்தான். கனத்தது. ஜிப்பைத் திறந்தான். குளோரின் பட்டு வெளுத்த வாருடன் இரண்டு கேமராக்களும் உள்ளே இருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். ஓடிவந்த மூச்சும் சிரிப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டதில் இருமல் வந்தது.

"எரியுற வீட்டுல பீடி பத்த வைக்கிற மாதிரி என்னடா சிரிப்பு?"

சொன்னான். திருகு, துளை, வெளிவட்டம், உள்வட்டம், சோப்பு டப்பா எல்லாவற்றையும் சொன்னான். அக்கா பையை அவன் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எட்டி, அவன் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அந்த ஆள் உன் பக்கத்தைப் படிக்காதவனா இருந்திருந்தா?"

"கேமரா போயிருக்கும்."

"உன்னால கெட இருந்தேன், உன்னாலயே பிழைச்சேன். இதை நான் எந்தக் கோயில்ல போய்ச் சொல்றது?" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு காபி சொல்லு. இதுக்கு நீ கொடு" என்றாள்.

காபி வருவதற்குள் மறுப்பை எழுதச் சொன்னாள். 'புதிய தகவல்களின்படி சில மாற்றங்கள் இருக்கலாம்' என்று அவன் தொடங்கியதை எட்டிப் பார்த்தாள்.

"என்ன புதிய தகவல்? தப்பா பார்த்தேன்னு எழுதுடா."

எழுதினான். 'அது கேமரா அல்ல. படத்தைத் தவறாகப் பார்த்தது நான். யாரும் கேமராவை விற்க வேண்டாம்.' ஐந்து நிமிடத்தில் கேலி குவிந்தது. 'பரிகாரம் என்ன ஜோசியரே?' என்றார் ஒருவர். 'திருகு ஜோசியர்' என்று இன்னொருவர் புதுப்பட்டம் சூட்டினார். நடுவில் ஒரு வரி: 'நான் நேற்றே விற்றுவிட்டேன்.'

அதைப் பார்த்ததும் அதை எழுதியவரின் போன் எண்ணை வாங்கி அவரிடமே பேசினான். பள்ளிக்கூடங்களில் வகுப்புவாரியாகப் படமெடுப்பவர். அடுத்த வேலை பள்ளி திறந்த பிறகுதான், ஐந்து வாரம் இருக்கிறது என்றார். "தலை போற அவசரம் இல்லைங்க. ஆனா இனிமே உங்களைக் கேட்டுப் பல்லுகூட விளக்க மாட்டேன்" என்றார். சர்வீஸ் சென்டருக்கு நல்ல பழைய கேமரா வந்தால் முதலில் அவருக்குத்தான் என்று ஜோசியர் வாக்குக் கொடுத்தான். வேறு யாரும் விற்றதாக எழுதவில்லை. இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தான்.

அப்போது அக்காவின் போன் மேசையில் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. அந்தக் கல்யாண போட்டோகிராபர்.

"மேடம், பேசின விலைக்கே எடுத்துக்கிறேன். இப்பவே திரும்பி வரவா?"

"இல்லைங்க. நான் விக்கிறதா இல்லை."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சுங்க." போனை வைத்துவிட்டு, காபியை ஒரு வாய் குடித்தாள். "ஆனா ஷட்டருக்கு என்னடா பண்றது? பயம் அப்படியேதானே இருக்கு?"

"நான் எதுக்கு இருக்கேன்? விக்கிற பொருளுக்கு எதுக்கு செலவுன்னு நீதானே வேணாம்னே? ரெண்டையும் கொடு. புது ஷட்டர் போட்டுத் தரேன்."

"பார்ட்ஸ் இருக்கா?"

"ஒண்ணு அலமாரியில இருக்கு. இன்னொண்ணு ரெண்டு நாள்ல வந்துடும்."

"இது நிச்சயமா, ஜோசியமா?"

"அலமாரியில இருக்கிறது நிச்சயம்" என்றான்.

இரண்டாவது ஷட்டர் வியாழக்கிழமை காலையே வந்து சேர்ந்தது. மதியம் அக்கா கேமராக்களை வாங்க வந்தபோது லென்ஸ்காரப் பெண் தன் போனில் நிறுவனத்தின் அறிவிப்பை ஓடவிட்டிருந்தாள். மேடையில் ஒரு மனிதர் கறுப்பாக, கையடக்கமாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் தலையில் ஒரு திருகு நீட்டிக்கொண்டிருந்தது.

"சோப்பு டப்பா!" என்றாள் லென்ஸ்காரப் பெண், தன் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கியதைப் போல.

அக்கா கிட்டே வந்து பார்த்தாள். "படம் எடுத்த நொடியே போயிடுமா? குளத்துப் பக்கத்துல உட்கார்ந்தே அனுப்பலாமா? அடடா, எனக்கு வேண்டியதே இதுதானே."

விலை திரையில் வந்தது. அக்கா அதிலிருந்த சுழியங்களை விரல்விட்டு எண்ணினாள்.

"ஏன்டா, இது வருஷக் கடைசியில குறையுமா?" என்று கேட்டாள் அக்கா. ஜோசியர் திருப்புளியும் கையுமாக நிமிர்ந்தான். பதில் நாக்கு நுனியில் நின்றது.

"உங்களுக்குப் பல்வலி, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் லென்ஸ்காரப் பெண்.

அவன் குனிந்து அடித்தட்டின் கடைசித் திருகை முடுக்கினான். பேட்டரியைப் போட்டு அக்காவிடம் நீட்டினான். அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் காதருகே வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஷட்டர் ஒரே சீராகப் பொரிந்தது. இருபது, முப்பது தடவை கேட்ட பிறகு விரலை எடுத்தாள். மூன்று மணிக்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் பயிற்சி இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.