லாக்கப் கதவு

கீழ் கோத்தகிரி டீக்கடைக்குள் சில்வஸ்டர் கால் வைத்தால் போதும், கடைக்காரர் ஆறுமுகசாமி வர்க்கி பிஸ்கட் பாட்டிலைத் திருகி மூடிவிடுவார். “திருடன் வந்துட்டாருங்க” என்பார். கடையே சிரிக்கும். சில்வஸ்டரும் சிரித்துவைப்பார். வேறென்ன செய்ய?

மனிதர் ஒரு குண்டூசிகூட எடுத்தவர் இல்லை. டீ ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். இளவட்டமாக இருந்த காலத்தில், டிவியில் வாராவாரம் வந்த ‘மலைச்சாலை ஸ்டேஷன்’ என்ற போலீஸ் தொடரை இங்கே வந்து எடுத்தார்கள். தேயிலைத்தூள் மூட்டையைத் திருடியதாகப் பிடிபடும் தொழிலாளியாக நடிக்க, முகம் பாவமாக இருக்கிறதென்று இவரைக் கூட்டிப்போனார்கள். கதைப்படி அவன் நிரபராதி. உண்மை தெரிந்து இன்ஸ்பெக்டர் அவனை வெளியே விடவேண்டும். அந்தக் கடைசிக் காட்சி அன்று பனிமூட்டம் இறங்கிவிட்டது. விலகுவேனா என்றது. சென்னைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியேறினார்கள். லாக்கப் கதவு சாத்துவதோடு கதையை முடித்து டிவியில் போட்டுவிட்டார்கள்.

ஊர் பார்த்தது அதைத்தான். மகள் கெஸியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும் அவரால் சிரிக்க முடியவில்லை.

இப்போது அதே தொடரை, செல்போனில் பார்க்கிறவர்களுக்காகப் புதிதாக எடுக்கிறார்கள். டைரக்டர் மனிஷா, பழைய முகம் ஒன்று இருக்கட்டும் என்று அதே மூட்டைத் திருட்டுக் கதையில் சில்வஸ்டருக்கு லாக்கப் காவலில் நிற்கும் ஏட்டு வேஷம் கொடுத்தாள். காக்கிச்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் கேட்டது இதுதான்.

“ஏனுங்க, கடைசியில பையனை வெளிய விட்டுருவீங்கதானுங்களே?”

“இல்லைங்க சார். கதவு மூடறதோட முடிச்சிடறோம். அவன் எடுத்தானா இல்லையான்னு பாக்கறவங்களே யோசிச்சுக்குவாங்க. இப்ப அதுதான் எல்லாருக்கும் பிடிக்குது.”

“முப்பது வருசமா யோசிச்சுட்டுத்தானுங்க இருக்காங்க.”

மனிஷா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னவென்று கேட்டாள். அவர் வர்க்கி பாட்டிலில் ஆரம்பித்துப் பெண் பார்த்த கதை வரை சொன்னார். மறுநாள் ஷூட்டிங்கில் ஒரு காட்சி கூடியிருந்தது.

ஆனால் கேமராவை வைத்ததும் பனி இறங்கிவிட்டது. எதிரே வேடிக்கை பார்க்க வந்த ஆறுமுகசாமியின் முகம்கூடத் தெரியவில்லை. மேனேஜர், “பேக் அப் சொல்லிடலாமா மேடம்?” என்று கேட்டதும் சில்வஸ்டர் மனிஷாவைத் திரும்பிப் பார்த்தார்.

“பனி இருந்துட்டுப் போகட்டும். அப்படியே எடுப்போம்” என்றாள் மனிஷா.

சில்வஸ்டர் பூட்டைத் திறந்தார். உள்ளே, ஒருகாலத்தில் அவர் உட்கார்ந்திருந்த மாதிரியே முழங்காலைக் கட்டிக்கொண்டு நடிகன் கீர்த்திவாசன் இருந்தான். வசனம் ஒரு வரிதான். முதலில் குனிந்து அவன் தோளைத் தொட்டார். மனிஷா அவசரப்படுத்தவில்லை.

“நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஊட்டுக்குப் போ, சாமி.”

பையன் வெளியே நடந்து பனிக்குள் மறைந்தான். மனிஷா கட் சொன்ன பிறகும் சில்வஸ்டர் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனார். ஆறுமுகசாமி பாட்டிலின் பக்கம் போகவே இல்லை. அது திறந்தே கிடந்தது.

“மூடலீங்களா?” என்று சில்வஸ்டரே கேட்டார்.

ஆறுமுகசாமி டீயை ஆற்றியபடி, விளையாட்டே இல்லாத குரலில் சொன்னார். “எதுக்குங்க மூடோணும்? நீங்க எடுக்கலைன்னுதான் நேத்து தெரிஞ்சுபோச்சே.”

அப்படியானால் இத்தனை வருஷமும் இவர் கேலி பண்ணவில்லை. சில்வஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வர்க்கியை எடுத்து டீயில் நனைத்துக்கொண்டார்.