நாற்பத்தைந்தின் வீட்டில் கை நனைத்தது

கைத்துப்பாக்கி இல்லாத குடும்பத்தின் பெயரைப் பங்குனி முடிவதற்குள் ஊர் மறந்துவிடும். இது தண்டனை அல்ல. மறந்துவிடும், அவ்வளவுதான். போன ஆண்டு கிழக்குவாசல் வீட்டாரை மறந்தார்கள். அந்த வீட்டு ஆட்கள் இன்னும் தெருவில்தான் நடமாடுகிறார்கள். பால்காரர் அவர்கள்மேல் இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறார்.

கல்தூண் வீட்டு அனவரதம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா காலத்தில், வீட்டின் சார்பாக ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் சார்த்திக்கொண்டு பங்குனியில் மைதானத்தில் போய் நின்றால் போதும், பெயர் நிலைக்கும். இப்போது ஓடிக்கொண்டே சுடும் போட்டி வந்துவிட்டது. தட்டி மறைவிலிருந்து சுட வேண்டும். நடந்துகொண்டே சுட வேண்டும். குறியும் தப்பக்கூடாது, நேரமும் ஆகக்கூடாது. இடுப்பில் தங்கும் கைத்துப்பாக்கி இல்லாமல் இது நடக்காது. கல்தூண் வீட்டுக்குள் அப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை.

போட்டியில் ஒவ்வொரு பழுப்பு அட்டையையும் இரண்டு முறை சுட வேண்டும். கடைசிப் பழுப்பு அட்டையைப் பாதி மறைத்தபடி ஒரு வெள்ளை அட்டை நிற்கும். அதன்மேல் குண்டு படக்கூடாது. பழுப்பு அட்டையை ஊர் கொடுக்கும். வெள்ளை அட்டையை அந்தந்தக் குடும்பம் கொண்டுவர வேண்டும். அது குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும்.

அனவரதத்துக்கு இருந்தது ஒரே தங்கை, ஆவுடையம்மாள். வேறு நாதி கிடையாது. வெள்ளை அட்டை அவள்தான் என்று முடிவான அன்றே அவள் வெள்ளைச் சேலைக்கு மாறினாள். மறுநாளிலிருந்து தட்டையாகத் தொடங்கினாள்.

போட்டியன்று காலை இருவரும் துப்பாக்கி பார்க்கப் புறப்பட்டார்கள். ராகுகாலம் கழித்து, தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெண் பார்க்கப் போவதுபோலத்தான் துப்பாக்கி பார்க்கப் போவதும்.

“அண்ணே, செவுத்துப் பக்கமா நடங்க. காத்தடிக்கி. என்னைக் கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க.”

“நடுரோட்டுல தங்கச்சியப் புடிச்சுக்கிட்டா? பாக்கவன் என்ன சொல்லுவான்?”

“நான் பறந்து போய்க் கரண்டுக் கம்பியில தொங்குனா ரொம்ப மெச்சுவானாக்கும்.”

அவர் தன் குடையின் நுனியை அவளிடம் நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞானசிகாமணியின் துப்பாக்கிக் கடை வெளியே பார்க்க வெற்றிலைபாக்குக் கடை அளவுதான். உள்ளே அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே போகப் போகத் துப்பாக்கி ரவையின் பருமன் கூடும்.

“வாங்க அண்ணாச்சி. மதினி வரலியா?”

“நான் கலியாணம் முடிக்கல.”

“இது மொதல் சம்பந்தமா? அப்ப நிதானமாப் பாக்கணும்,” என்றார் ஞானசிகாமணி. “ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. எங்க வேணா உக்காருங்க, எத வேணா தொட்டுப் பாருங்க. கை மட்டும் நனைச்சிராதீங்க. சாப்பிட்டாச்சுன்னா சம்பந்தம் முடிஞ்சதா அர்த்தம்.”

“அது எனக்குத் தெரியாதா? நாங்களும் நாலு வீட்டுக்குப் போனவங்கதான்.”

ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கியை ஒரு தட்டில் வைத்து, பட்டுத்துணி மூடிக் கொண்டுவந்தார்கள். ஞானசிகாமணி அதன் மேற்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே ரவை இல்லை என்பதைக் காட்டிய பிறகு கையில் கொடுத்தார். அனவரதம் வாங்கினார். அது உள்ளங்கையில் ஒட்டி உட்கார்ந்தது. சுட்டுவிரல் நீட்டிய இடத்தில் விசை இருந்தது. பிறகு ரவை போட்டு, மணல்மூட்டையை நோக்கி இரண்டு முறை சுட்டார். முனை சற்றே எழும்பி, விட்ட இடத்துக்கே வந்து நின்றது. இரண்டு துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

அவருடைய முதுகு நாற்காலியில் பட்டது. உடனே நிமிர்ந்துகொண்டார்.

“இது போதும்ணே,” என்றாள் ஆவுடையம்மாள். “நல்ல அடக்கமா இருக்கி.”

“மொதத் துப்பாக்கிக்கு இதான் தோது,” என்றார் ஞானசிகாமணி. “உதை கம்மி. பதினேழு ரவை கொள்ளும். சுட்டுச் சுட்டுத்தான பழகணும், இதுக்கு ரவை எங்கயும் கெடைக்கும். அட்டையில நடுவுல பட்டா சின்ன ரவைக்கும் பெரிய ரவைக்கும் ஒரே அஞ்சு புள்ளிதான். ஓரத்துல பட்டாத்தான் பெரிசுக்கு ஒண்ணு கூடக் குடுப்பாங்க. நீங்க நடுவுலயே சுடுதீங்க. பெறகு என்ன?”

அனவரதம் துப்பாக்கியைத் தட்டில் வைத்தார்.

“இத யாரெல்லாம் எடுத்திருக்கா?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“எல்லாருந்தான் அண்ணாச்சி. பந்தல் போடுற முத்தையா, சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கவன், புரோட்டாக் கடைக்காரன்...”

“இதுக்கு மேல என்ன இருக்கு?”

“நாப்பது.”

“அதுக்கும் மேல?”

ஞானசிகாமணி குரலைத் தாழ்த்தினார். “நாப்பத்தஞ்சு. அது உள்ள இருக்கி. அது வெளிய வராது, நாமதான் போணும்.”

“அண்ணே, புரோட்டாக் கடைக்காரன் கை அண்டாவத் தூக்குன கை,” என்றாள் ஆவுடையம்மாள். “அவனே ஒம்பதுதான் எடுத்திருக்கான்.”

“அவன் வீட்டுக்குத் தூணு இருக்கா?” என்றார் அனவரதம். எழுந்து நடந்தார்.

நடை நீண்டது. அவர்கள் நடக்க நடக்க இன்னும் நீண்டது. திரும்பிப் பார்த்தபோது ஒன்பதின் வாசல் தீப்பெட்டி அளவு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. இருபுறச் சுவர்களிலும் சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் இடுப்பில் நாற்பத்தைந்தோடு விறைப்பாக நின்றார். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

“பக்கத்துல யாரு?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

“வெள்ளை அட்டைங்கம்மா,” என்றார் ஞானசிகாமணி.

அவள் வழியாக விளக்கு வெளிச்சம் தெரியத் தொடங்கியிருந்தது.

நாற்பத்தைந்தின் அறை ஒரு பந்திக்கூடம். தரையில் ஒரே ஒரு தலைவாழை இலை போட்டிருந்தது. எதிரே, கருங்காலி நாற்காலியில் நாற்பத்தைந்து உட்கார்ந்திருந்தது. அனவரதம் தன்னையறியாமல் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். அதுவும் சாயாமல்தான் உட்கார்ந்திருந்தது. அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

எடுத்துப் பார்த்தார். கனமாக இருந்தது. பிடி அகலமாக இருந்தது. விரலை எவ்வளவு நீட்டியும் நுனிதான் விசையில் பட்டது. சுட்டார். முனை எகிறி, கூரையின் உத்தரம் தெரிந்தது. முனை மெதுவாகத்தான் கீழே வந்தது. இரண்டாவது குண்டு அங்கிருந்த மணல்மூட்டையை விட்டுச் சுவருக்குப் போயிற்று.

“எட்டு ரவை கொள்ளும்,” என்றார் ஞானசிகாமணி. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை.

“அண்ணே, கையே பத்தல. எந்திரிங்க. அந்த ஒம்பதையே முடிச்சுருவோம்.”

“பாக்கத்தான வந்திய. புடிக்கலன்னா போயிரலாம், ஒரு தப்பும் இல்ல,” என்றார் ஞானசிகாமணி. “போன வருசம் ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. இந்த இலை முன்னாலதான் உக்காந்தாரு. வேண்டாம்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒம்பதும் வாங்கல, ஒண்ணும் வாங்கல.”

“யாரு அது?”

“அதான் அண்ணாச்சி, அவரு...” ஞானசிகாமணி நெற்றியைத் தடவினார். “நல்ல குடும்பம். வாசல்ல என்னமோ வரும்.”

அனவரதம் யோசித்தார். காலையில்கூட அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்பது தெரியவில்லை. சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் விழுந்தது. பரிமாறிய இலையை விட்டு எழுவது பரிமாறியவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். கல்தூண் வீட்டில் எவரும் அப்படி எழுந்ததில்லை. சாப்பிட்டால் சம்பந்தம். எழுந்தால் அவமானம். நாற்பத்தைந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றாள் ஆவுடையம்மாள். “அவமானப்பட்டாப் பட்டுட்டுப் போறோம். ஒரு நா பேசுவாங்க. அந்தப் பக்கம் நிக்கப்போறது நான்லா.”

அவர் சோற்றைப் பிசைந்தார். உருண்டையாகத் திரட்டினார்.

“ஏண்ணே, அந்த உருண்டைய இலையிலயே போடுங்கண்ணே.”

அவர் சாப்பிட்டார். பருப்பில் உப்பு இல்லை. அதைச் சொல்லவில்லை. பாயசம்வரை சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார். கைகழுவிவிட்டு வந்தபோது நாற்பத்தைந்து அவர் இடுப்பில் இருந்தது.

மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட நடுவர் அவருடைய இடுப்பைப் பார்த்ததும் வணங்கினார். கூட்டமும் எழுந்து நின்றது. ஆவுடையம்மாளை இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய், கடைசிப் பழுப்பு அட்டைக்கு முன்னால் சட்டத்தில் பொருத்தினார்கள். இப்போது அவள் முழுவதும் அட்டை. வாய் மட்டும் அசைந்தது. அனவரதம் கிட்டே போய் நின்றார்.

“வசதியா இருக்கா?”

“ஒரு ஆணி கோணலா இருக்கி. பரவால்ல.” பிறகு சொன்னாள். “அண்ணே, சுடும்போது என்னப் பாக்காதீங்க. துப்பாக்கி நுனியில ஒரு குறி இருக்கில்லா, அத மட்டும் பாருங்க. அது தெளிவாத் தெரியணும். நான் மங்கலாத் தெரியணும். அப்பத்தான் நல்லாச் சுடுதீங்கன்னு அர்த்தம்.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“போன தடவ நின்ன அட்டைங்கதான். நீங்க கைகழுவப் போனப்ப நடையில பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்.”

“ஏட்டி...” என்று ஆரம்பித்தார். “நேரா நில்லு,” என்றார்.

“நான் எங்க வளையப்போறேன்?”

நடுவர் அவர் காதருகே பிடித்த கருவியில் பீப் சத்தம் கேட்டது. அனவரதம் ஓடினார். முதல் அட்டை. இரண்டாவது. தட்டி மறைவிலிருந்து மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு முறையும் வானம் தெரிந்தது. எட்டு ரவையும் தீர்ந்தது. ரவை அடைத்த மேகசினை மாற்றும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒன்பதாக இருந்திருந்தால் மாற்றவே வேண்டியிருந்திருக்காது. மாற்றி முடித்துக் கடைசி அட்டைக்கு வந்தார்.

நுனியில் இருந்த குறியைப் பார்த்தார். அது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளையாக ஏதோ இருந்தது. சுட்டார். துப்பாக்கி மேலே போயிற்று. அது இறங்கி வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் கல்தூண் வீட்டுக்காரர் தயங்கி நின்றார் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது. அது பாதி வழியில் வரும்போதே இரண்டாவதைச் சுட்டார்.

நடுவர் போய்ப் பார்த்தார்.

“மொதக் குண்டு நடு. அஞ்சு,” என்றார். பிறகு குனிந்தார். “ரெண்டாவது வெள்ளையில. கழிவு பத்து.”

ஓர் ஆள் வெள்ளைக் காகிதத்தில் பசை தடவி, ஆவுடையம்மாள்மேல் துளை விழுந்த இடத்தில் ஒட்டினான். ஒட்டவில்லை. இன்னொன்று ஒட்டினான். அதுவும் நனைந்து விழுந்தது.

“ஆவுடை,” என்றார் அனவரதம். வெளியிடத்தில் அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏட்டி, ஆவுடை.”

வாய் இருந்த இடம் அசையவில்லை.

“இது இனித் தாங்காது அண்ணாச்சி,” என்றார் நடுவர். “அட்டை பழுதாப் போனா மறுபடியும் மொதல்ல இருந்து சுடணும். அதுதான் விதி. சுடலன்னா பேரு நிக்காது. வீட்டுல வேற யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“நீங்க சுடுறவருல்லா?”

“வேற யாரும் இல்ல.”

நடுவர் அவருடைய இடுப்பைக் காட்டினார். “இது?”

“இது இன்னைக்குத்தான் எங்க வீட்டுக்கு வந்திருக்கு.”

“கை நனைச்சாச்சா?”

“ஆச்சு.”

“பெறகென்ன? வீட்டு ஆளுதான. அது சுடட்டும். நீங்க அங்க நில்லுங்க.”

அனவரதம் தங்கையைச் சட்டத்திலிருந்து கழற்றி, நிழலில் சாய்த்துவைத்தார். கனமே இல்லை. கோணல் ஆணியை நேராக்கிவிட்டுத் தானே போய் நின்றார். வேட்டியும் சட்டையும் ஏற்கெனவே வெள்ளைதான். தோள்கள் தட்டையாவது தெரிந்தது. முதுகை நிமிர்த்தினார். எதிரே கோட்டில் நாற்பத்தைந்து தனியாக நின்றது. நன்றாகத்தான் நின்றது.

“கல்தூண் வீடு!” என்று நடுவர் கூவினார். கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

“போட்டியாளர் தயாரா?”

நாற்பத்தைந்து பதில் சொல்லவில்லை. புதிதாக வந்தது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் முந்திக்கொண்டு பேசும் வழக்கம் கல்தூண் வீட்டில் கிடையாது.

“தயார்,” என்று அதற்காக அனவரதம் சொன்னார்.