ஆத்துல யார் இருக்கா

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு லேடி டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த குலாம் ரசூல் சொன்னது. போன மாதம் பாண்டி பஜாரில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பத்திரிகைக்கு எழுதறவராச்சே, ஒரு சமாச்சாரம் கீது, எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது சுலபம்; ஆரம்பிப்பதுதான் பிராணனை வாங்குகிறது.

'நாற்பத்துமூன்றாம் வருஷத்து அக்டோபர் வெள்ளத்தில் அடையாறு கரை புரண்டு—'

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் வாசகர் குடையைத் தேடுவார்.

'டாக்டர் சூடாமணி சீமையில் படித்தவர். மனசுக்கு வரும் வியாதிக்கு மருந்து வேண்டாம், பேசினாலே தீரும் என்ற புது வைத்தியத்தை இந்த ஊருக்கு—'

இது விளம்பரம்.

'குப்பம்மா ஒரு வருஷமாகப் பேசவில்லை.'

இது இருக்கட்டும்.

2

குப்பம்மா ஒரு வருஷமாகப் பேசவில்லை. சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கிற இடத்துக் குப்பத்துக்காரி. புருஷன் எப்போதோ போய்விட்டான். ஒரே மகன் அங்கமுத்து, இருபத்திரண்டு வயசு. வெள்ளத்தன்று மறுகரையில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவரக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு தடவை போய்த் திரும்பினான். மூன்றாவது தடவை கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை.

குப்பம் அவளுக்கு ஒரு உபகாரம் செய்தது. அவள் காது கேட்க 'ஆறு' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. 'அப்பாலண்ட' என்பார்கள், 'அந்தாண்ட' என்பார்கள். மீன் எண்ணும்போதுகூட அஞ்சு, இன்னொண்ணு, ஏழு. (இது நான் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை.) எல்லாம் அன்பினால்தான். ஆனால் இத்தனை பேர் சேர்ந்து ஒரு வார்த்தையைப் பொத்தி வைத்ததில், மகன் இருக்கிற இடத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் போயிற்று. சுற்றிலும் ஜனம், பக்கத்துக் குடிசையில் நாத்தனார், வேளாவேளைக்குக் கஞ்சி. அவளைப்போல் தனியாக இருந்தவள் அந்தக் கரையில் வேறு யாருமில்லை.

நாத்தனார் கங்கம்மா சும்மா இருக்கவில்லை. வேப்பிலை அடிக்கச் சொன்னாள். தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். சாந்தோம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கடைசியில் யாரோ சொல்லி, லஸ்ஸுக்கு அழைத்து வந்தாள்.

"இன்னா மருந்து குடுப்பாங்க நைனா?" என்று கம்பவுண்டரைக் கேட்டாள்.

"மருந்து கெடையாதும்மா. உள்ள போய் உக்காந்து பேசணும்."

"பேசாத பொம்பளைக்குப் பேசறதுதான் மருந்தா? நல்லா கீது நாயம்."

3

இங்கே டாக்டரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவரை மூக்கை உயர்த்திக்கொண்டு திரிகிற சீமைப் படிப்பாளியாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதை சுலபமாக நகரும், கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்கும். ஆனால் அது அநியாயம்.

டாக்டர் சூடாமணிக்கு நாற்பது வயசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் வைத்தியம், பின்னறையில் வாசம். வருகிறவர்கள் எல்லாரும் ஊசி போடச் சொன்னார்கள். குடும்பத்துச் சங்கதியை அந்நியரிடம் சொல்லவாவது என்று எழுந்து போனார்கள். விடாமல் வந்தவர்கள் இரண்டே பேர். அவருக்கு ஒரு விதி உண்டு: நோயாளியைப் பற்றி உறவுக்காரர் சொல்வதைக் கேட்கமாட்டார். எதுவானாலும் நோயாளியின் வாயிலிருந்தே வரவேண்டும். அதனால் கங்கம்மா சொல்ல வந்ததைக் கையமர்த்தி, வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். அங்கமுத்து என்று ஒருவன் இருந்ததே அவருக்குத் தெரியாது.

(இந்த விதியைத் தப்பு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சீமையில் பலருக்கு அது உதவியிருக்கும்.)

4

நாலு வியாழக்கிழமை போயிற்று. டாக்டர் பார்த்துப் பார்த்துப் பொதுத் தமிழில் கேட்டார். "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" குப்பம்மா சுவரைப் பார்த்தாள். வீட்டில்தான் யாருமில்லையே, என்ன சொல்வாள்?

ஐந்தாவது வியாழன் டாக்டருக்கு ஜலதோஷம். தலைவலி வேறு. அலுப்பில் நாக்கு தன் வீட்டுத் தமிழுக்குப் போய்விட்டது.

"சரி, அதெல்லாம் போகட்டும். ஆத்துல யார் இருக்கா? அதை மட்டும் சொல்லேன்."

[தெரியாதவர்களுக்காக: எங்கள் பிராமணக் குடும்பங்களில் வீட்டை 'ஆம்' என்போம். ஆத்துல என்றால் வீட்டில். குப்பத்தில் ஆத்துல என்றால் ஆற்றில். வேறு அர்த்தமே கிடையாது.]

குப்பம்மா தலையைத் தூக்கினாள். ஒரு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. வேப்பிலைக்காரன் கேட்கவில்லை, கூடப்பிறந்தவர்கள் கேட்கவில்லை. யாரோ ஒரு படிச்ச அம்மா, பயப்படாமல், வாய்விட்டுக் கேட்கிறாள். மகன் எங்கே என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எம் புள்ள," என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "பேர் என்ன?"

"அங்கமுத்து."

"என்ன பண்றான்?"

"தூங்கிக்கினு கீறான்."

"எப்பவுமா? உன்னோட பேசறதில்லையா?"

"நான் கூப்புடவே இல்லம்மா. அவன் பேச்சையே எடுக்க வுட மாட்றாங்கோ."

"யார் என்ன சொன்னா என்ன? பெத்தவ நீ. போய்க் கூப்பிடு. அடுத்த வியாழக்கிழமை அவனையும் அழைச்சுண்டு வா."

குப்பம்மா, "கூட்டியாரலாமா?" என்று கேட்டாள்.

"பேஷா. நீ கூப்பிட்டா வராமலா போயிடுவான்?"

தாளில் டாக்டர் எழுதினார்: வீட்டில் ஒரு மகன். வேலைவெட்டி இல்லை. தாயோடு பேச்சுவார்த்தை இல்லை. வியாதியின் வேர் கிடைத்துவிட்டது.

5

இதுவரை படித்த புத்திசாலி வாசகர் கேட்டிருப்பார்: உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது கம்பவுண்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. குலாம் ரசூல் எனக்கு ஒரு கதையும் சொல்லவில்லை. அவர் அப்போது பின்கட்டில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு, ஆள் உயரந்தான். இந்தப் பக்கத்துப் பெஞ்சில், வாசலண்டைக் கோடியில் கங்கம்மாவும், தடுப்பை ஒட்டி, விடாமல் வந்த அந்த இரண்டாவது நோயாளியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டாவது நோயாளி நான்.

எனக்குத் தூக்கம் வராத வியாதி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலிசெய்து ஓடியபோது என் மனைவியும் கும்பகோணத்துக்குப் பிறந்தகம் போனாள். ஓடியவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. இனி வருவதாகவும் இல்லை என்று ஒரு கார்டு போட்டாள், அவ்வளவுதான். முதல் நாள் டாக்டர் என்னையும் அதே கேள்விதான் கேட்டார், ஆத்துல யார் இருக்கா என்று. "ஆம்படையா இருக்கா" என்றேன், மனைவி இருக்கிறாள் என்று. என் தாளில் அப்படித்தான் இருக்கும்.

பெஞ்சில் கங்கம்மா வாரா வாரம் எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாள்: வெள்ளம், கட்டுமரம், அஞ்சு, இன்னொண்ணு, ஏழு. ஆக, அந்த வீட்டில் இரண்டு தமிழும் விழுந்த காது என்னுடையது ஒன்றுதான். டாக்டர் என்ன கேட்டார், குப்பம்மா அதை என்னவாக எடுத்துக்கொண்டாள், அவளை எங்கே போய்க் கூப்பிடச் சொல்லிவிட்டார் எல்லாம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. 'டாக்டர், அவள் பிள்ளை வெள்ளத்தில் போனவன்' என்று ஒரு வரி சொன்னால் போதும்.

சொல்லவில்லை. சொன்னால், நான் ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே வந்து தடுப்பில் காதை வைத்துக்கொண்டிருப்பது வெளிப்பட்டுவிடும். (வேறு எங்கே நான் இன்னொரு மனுஷர் வீட்டுப் பேச்சைக் கேட்பேன்?) வெட்கந்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். "வா கங்கா, நேரமாவுது," என்றாள். கங்கம்மா கேவிக் கேவி அழுதாள். டாக்டர் வாசற்படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண்களும் என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார்கள். நான் காலை நகர்த்தி வழிவிட்டேன்.

6

முடிவுகள் சில எழுதினேன்.

வழியில் குப்பம்மா விஷயத்தைச் சொல்ல, கங்கம்மா விழித்துக்கொண்டு அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறாள். நல்ல முடிவு. ஆனால் கங்கம்மா அன்று சந்தோஷத்தில் இருந்தாள். எதுவும் அவள் காதில் ஏறியிருக்காது.

அடுத்த வியாழக்கிழமை குப்பம்மா மகனுடைய சட்டையை மடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "கூட்டியாந்துட்டேன்" என்கிறாள். டாக்டருக்குப் புரிகிறது, இருவரும் அழுகிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அதனாலேயே கிழித்துப்போட்டேன். அவ்வளவு சுலபமாக நான் அழுது தப்பித்துக்கொள்ளக் கூடாது.

'குப்பம்மா முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு வருஷமாகக் கூப்பிடாத பெயரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தூங்குகிற பிள்ளைக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் ஓரடி—'

இதற்குமேல் போகமாட்டேன்.

7

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வியாழன் நான் போனேன். பெஞ்சில் யாருமில்லை. டாக்டர் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார், தாய்க்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அடிக்கடி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். பிறகு, "சரி, நீங்க வாங்கோ," என்றார். அந்த இரண்டில் ஒன்றில் உட்கார்ந்தேன். மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். முக்கால் மணி நேரம் தூக்கம் வராததைப் பற்றிப் பேசினேன். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை.

ஐந்து வருஷம் ஆகிறது. குப்பம்மா ஜுரம் கண்டு வராமலிருந்திருக்கலாம். மகன் வரவில்லையே என்று வெட்கப்பட்டு வராமலிருந்திருக்கலாம். இன்றைக்கும் சாந்தோம் தெருக்களில் மீன் கூடையோடு கூவிக்கொண்டு போகிறாளோ என்னவோ. நான் இருக்கும் தியாகராய நகரிலிருந்து அந்தக் குப்பம் ஒன்றும் காத தூரம் இல்லை. கங்கம்மா வீடு எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். போய்க் கேட்பதற்குப் பதிலாக இதை இருபத்துமூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

'செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்' என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். பொய். நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மணி மூன்று, வெயில் அப்படியொன்றும் கொளுத்தவில்லை. இந்த இடத்தில் 'அவன் எழுந்தான்' என்று ஒரு வரி வேண்டும். சின்ன வரிதான், எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் எழுதிவிடுங்கள், நான் கிளம்புகிறேன்.