கோபுரத்துக்கும் வலைக்கும் நடுவே

ஹாலிவுட்டில் 1923-ஆம் வருஷம் கோட்டைக் கோபுரத்திலிருந்து குதித்த வெர்ன் ஹக்கெட் பாதி வழியில் காற்றில் நின்றுவிட்டான். அந்த வருஷம் ஆரஞ்சு மலிவு.

ஊமைப் படக் காலம். ஊரே படித்த பழைய வாள்வீரர் நாவல் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். நாயகன் முகத்தைக் காட்டுவான். அவனுக்குப் பதிலாக எலும்பை உடைத்துக்கொள்வது வெர்னின் பிழைப்பு. வாள்குத்து பட்டு மல்லாக்க விழவேண்டிய காட்சி. கேமராவின் கைப்பிடியைக் கையால் சுற்றிப் படமெடுத்தவர் லைல் பென்ரோஸ். வெர்ன் விழுவதற்காகக் கீழே கட்டிய வலையின் ஓரம் படத்தில் தெரிகிறதென்று அதைத் தள்ளிக் கட்டச் சொன்னவரும் அவரே. வெர்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அவன் வலைக்கு வெளியே விழப்போகிறான் என்பது கேமராக் கண்ணாடியில் பார்த்த லைலுக்குத்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு வலை வலைதான். லைலின் கை நின்றது. வெர்னும் நின்றான்.

"யோவ் லைல், தூங்கிட்டியா? சுத்துய்யா, மூக்கு அரிக்குது!"

"கைப்பிடி சிக்கிக்கிச்சுப்பா" என்றார் லைல்.

வலையை இழுங்கள் என்றால், யார் தள்ளினது என்று கேட்பார்கள். பிழைப்பு போய்விடும். கேமரா அவருடைய சொந்தம். அடுத்தவன் கேமராவில் கை வைக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. டைரக்டர் வேறு கேமராவை வைத்து, ஒரு பொம்மையைத் தள்ளிக் காட்சியை முடித்தார். படம் சக்கைப்போடு போட்டது.

வெர்னுக்குப் பசிக்கவில்லை, மீசை வளரவில்லை. அவன் மனைவி ஐடா தினமும் மத்தியானம் வந்து, அண்ணாந்து பார்த்து ஊர்க்கதை பேசினாள். லைலுக்கும் காப்பி கொண்டுவந்தாள். "நீங்களும் எவ்வளவுதான் ரிப்பேர் பாப்பீங்க, பாவம்" என்பாள்.  அந்தக் காப்பியை அவர் தினமும் குடித்தார்.

பேசும் படம் வந்தது. கேமராவுக்கு மோட்டார் வந்தது. ஐடாவுக்கு நரை வந்தது.

ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இப்பல்லாம் அவர் மூஞ்சி மங்கலாத்தான் தெரியுது, லைல்" என்றாள்.

லைலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "கைப்பிடி நல்லாத்தான் இருக்கு, ஐடா. வலையத் தள்ளிக் கட்டச் சொன்னது நான்தான்."

அவள் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். வலையைத் தானே அவிழ்த்து இழுத்துக் கட்டினாள். பிறகு, "சுத்துங்க" என்றாள்.

சுற்றினார். வெர்ன் வலையில் விழுந்து, அதே இளவட்டமாகக் குதித்தெழுந்தான்.

"லைல், வலை படத்துல தெரியலியே?" என்று கேட்டான்.

லைல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "தெரியல. வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் ஐடா.

வழியில் ரொட்டிக்கடைக்காரர், "பையனா?" என்று கேட்டார். "புருஷன்" என்றாள். அவர் தலையாட்டி ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் லைல் கேமரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காப்பி வரவில்லை.