போர்ச்சில் கூடிய பொதுக்கூட்டம்

தமிழ்ப் பெருமக்கள் அனைவரும் அறிய வேண்டிய மகத்தான செய்தி: திகாம் பத்து என்னும் ஊரின் வட்டாரச் சங்கத்தின் தலைவராக உயர்திரு நடராஜா அவர்கள் மீண்டும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார். போன ஞாயிறும் அவர்தான். அதற்கு முந்திய ஞாயிறும் அவர்தான்.

அப்படி ஒரு சங்கமே கிடையாது. நடராஜாவுக்கு மறதி நோய். காலமெல்லாம் கோயில் கமிட்டியில் நாற்காலி தேய்த்த மனிதர், பொழுது சாய்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு, "மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்று கேட்டைத் திறந்து பெரிய ரோட்டுக்கு நடந்துவிடுவார். லாரிகள் பறக்கிற ரோடு. மனைவி புஷ்பவள்ளி பின்னாலேயே ஓடுவாள். ஓடி ஓடி முழங்கால் போனபிறகு ஒருநாள், "மீட்டிங் இங்கதாங்க!" என்று கார் போர்ச்சில் நாற்காலியைப் போட்டாள். அவரும் கம்பீரமாக உட்கார்ந்து, "மத்தவங்க எங்க?" என்றார்.

மற்றவர்கள்தான் அந்தத் தாமான் குடியிருப்பிலேயே இருந்தார்களே. பின்வீதி சந்திரிகா தன் அப்பா முருகையாவை அழைத்து வந்தாள்; அவருக்கும் அதே நோய். செயலாளர் ஆனார். இன்னும் சில வீடுகள் சேர்ந்தன. ஞாயிறு பிற்பகல் தோறும் கூட்டம். பெண்களில் ஒருத்தி முறைவைத்துக் கேட்டருகே காவல். மற்றவர்கள் உள்ளே ஃபேனுக்கு அடியில் படுக்கை. போன கூட்டத்தில் என்ன முடிவானது என்பது எவருக்கும் நினைவில்லாததால் தீர்மானங்கள் சண்டையில்லாமல் நிறைவேறின. வாரத்தில் புஷ்பவள்ளி நிம்மதியாகக் கண் மூடுவது அந்த நேரம் மட்டும்தான்.

இதைக் கேள்விப்பட்டு, பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியிலிருந்து 'சமூகக் காவலர்' பட்டம் கொண்ட ரவிச்சந்திரன் போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். கையில், 'பராமரிப்பாளர் ஆதரவு மையம், மாபெரும் திறப்பு விழா' என்று பேனர்.

"பேச்செல்லாம் வேணாம்லா தம்பி. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் புஷ்பவள்ளி.

"ரெண்டே வார்த்தைதான்க்கா," என்று எழுந்தவர், ஒரு மணி நேரத்துக்கான தொண்டையைச் செருமிக்கொண்டார். "உண்மையில இது ஒரு கூட்டமே இல்ல..."

நடராஜா சட்டென்று எழுந்தார். புஷ்பவள்ளி கேட்டை மறித்து நின்றாள். போச்சு, மனுஷன் ரோட்டுக்குக் கிளம்பிட்டார்.

"தம்பி, நீங்க மெம்பரா?"

"நான் ஏழு சங்கத்துக்குத் தலைவர்ணே!"

"இங்க தலைவர் நான். உக்காருங்க."

"வழிமொழிகிறேன்," என்றார் முருகையா.

ரவிச்சந்திரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படின்னா நானும் தலைவர் பதவிக்கு நிக்கிறேன்!"

கைகள் உயர்ந்தன. எல்லாம் நடராஜாவுக்கு, போட்டோக்காரரின் கை உட்பட. மறு எண்ணிக்கை கேட்டார். அதிலும் தோற்றார். சட்டவிதி எங்கே, தேர்தல் அதிகாரி யார் என்று இருட்டும்வரை மேசையைத் தட்டினார். நடராஜா முகத்தில் அப்படியொரு களை வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. கேட் பக்கம் அவர் திரும்பவே இல்லை. உள்ளே புஷ்பவள்ளி குறட்டை விட்டாள்.

அடுத்த ஞாயிறு, நடந்ததையெல்லாம் நிர்வாகக் குழு மறந்துவிட்டிருந்தது. ரவிச்சந்திரன் மட்டும் வேட்புமனுவோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

அவருக்கு மறதி நோய் எதுவும் இல்லை.